ஆரே ஆற்றுக்கும் அண்ணை வீட்டு ரவுட்டருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல்

ஆணி அதிகம். எழுத விஷயம் இல்லாமல் இல்லை, உட்கார்ந்து தட்டச்ச நேரம்தான் இல்லை. இன்றைக்கு ஒரு பெட்டியின் கதை. சின்ன பெட்டி. ஆனால் அதன் காய்ச்சலுக்குக் காரணம் தேடிப் போனவன் அணு உலை, ஐன்ஸ்டைன், கல்பாக்கம் என்று எங்கெங்கோ போய்விட்டேன். பொறுமை இருக்கிறவர்கள் தொடரலாம்.

நான் படிக்கிறது சூரிச்சில். குடியிருப்பது ஆராவில். ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், வாடகை கொஞ்சம் தேவலை. ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் வீட்டில், ஓட்டுக்கூரைக்குக் கீழே இருக்கிற மச்சு அறைதான் என் ஜாகை. பழைய ஆராவின் வீடுகளில் கூரை தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் அடிப்பாகத்தில் வண்ணம் வண்ணமாகச் சித்திரம் எழுதியிருப்பார்கள். அண்ணாந்து பார்த்தபடியே நடந்து எதிரே வந்த சைக்கிளில் இடித்துக்கொண்ட அனுபவமும் உண்டு. எங்கள் வீட்டுக் கூரையில் சித்திரம் எல்லாம் இல்லை. சூடு மட்டும் உண்டு.

2025 ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரம். ஐரோப்பா முழுக்க வெயில் கொளுத்தியது. இங்கே வீடுகளில் ஏசி கிடையாது, மின்விசிறிகூட அபூர்வம். எங்க ஊர் வெயிலைப் பார்த்தவன்டா நான் என்று முதல் நாள் வீறாப்பாகத்தான் இருந்தேன். குளிரைப் பூட்டி வைக்கக் கட்டிய வீட்டில் வெயில் நுழைந்தால் வெளியே போக வழி தெரியாமல் உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும் என்பது மூன்றாம் நாள் புரிந்தது.

அப்போதுதான் கீழேயிருந்து அண்ணையின் குரல்.

"தம்பி, உந்தப் பெட்டியில சிவப்பு லைட் எரியுது. என்னெண்டு ஒருக்கால் பாருங்கோ."

பெட்டி என்றால் ரவுட்டர். இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் பின்னேரம் நாலரை மணி என்பது பூசை நேரம் மாதிரி. யாழ்ப்பாணத்தில் அப்போது இரவு எட்டு. அண்ணையின் அம்மா சாப்பிட்டுவிட்டு கட்டிலில் சாய்ந்திருப்பார். எண்பத்தெட்டு வயது. இங்கே போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு அண்ணையும் அக்காவும் எதிரே உட்காருவார்கள். அரை மணி நேரம், சில நாள் பேச்சே இருக்காது, சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த வாரம் நாலு நாளாக சரியாக அந்த நேரத்தில் படம் உறைந்து, பிறகு துண்டித்து, பிறகு வருவதே இல்லை. "என்னோட கதைக்க விருப்பமில்லையோ" என்று கிழவி கேட்டுவிட்டாராம். அண்ணைக்கு மனசு சரியில்லை.

பெட்டியின் உள்பக்கத்தைத் திறந்து பார்த்தேன் (பிரவுசரில்தான், ஸ்க்ரூ டிரைவரால் இல்லை). ஜெர்மன் மொழியில் ஒரே வரி திரும்பத் திரும்ப: வெப்பநிலை அதிகம், அதனால் வேகம் குறைக்கப்படுகிறது. அதற்கு அடுத்தபடியாக ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அணைத்திருக்கிறது. அதற்கும் அடங்காதபோது தன்னைத்தானே அணைத்துத் தொடங்கியிருக்கிறது. தேதியை விட்டுவிட்டு மணியை மட்டும் பார்த்தேன். நாலு நாளும் மூன்றரையிலிருந்து ஆறுக்குள். காலையில் ஒரு வரி இல்லை, இரவில் ஒரு வரி இல்லை.

அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. பெட்டி இருக்கிற அலமாரி மேற்கு ஜன்னலை ஒட்டி. மூன்று மணிக்கு மேல் வெயில் நேரே அதன் மேல் விழுகிறது. மீதி பாதி விடை, பெட்டியின் மேலேயே இருந்தது. அக்கா தன் கையால் பின்னிய லேஸ் துணி, நாலு முனையிலும் குஞ்சம் வைத்தது, பெட்டிக்குத் தொப்பி மாதிரி.

"அக்கா, இது..."

"தூசி பிடிக்குமெல்லே, அதுதான் போட்டனான். ஊரில ரேடியோவுக்கும் போட்டனாங்கள்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் எங்கள் வீட்டிலும் டிவிக்கு ஒரு சட்டை, ஃப்ரிட்ஜின் தலைக்கு ஒரு முக்காடு, மிக்சிக்கு ஒரு பாவாடை உண்டு. உங்கள் வீட்டிலும் இருக்கும், மறைக்காதீர்கள்.

ஆனால் அண்ணை ஒரு விஷயம் சொன்னார், அதுதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. அவருடைய அப்பாவிடம் ஒரு வால்வு ரேடியோ இருந்ததாம். இலங்கை வானொலி கேட்பதற்கு முன்னால் துணியை எடுத்து மடித்து வைக்க வேண்டும். கேட்டு முடித்து, ரேடியோவை அணைத்து, ஆறின பிறகு மறுபடி துணியைப் போட வேண்டும். பிள்ளைகள் யாராவது துணியோடு ரேடியோவைப் போட்டால் அடி விழும். அதாவது அந்தக் காலத்துத் துணி, தூங்குகிற பெட்டிக்குப் போர்த்துகிற போர்வை. இந்த ரவுட்டர் தூங்குவதே இல்லையே! வருடத்துக்கு 8,760 மணி நேரமும் விழித்திருக்கிற பெட்டி. துணியை எடுக்கிற சடங்கு போய்விட்டது, போடுகிற சடங்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நிற்க.

வால்வு ரேடியோ சுடுவதற்குக் காரணம் எளிது. உள்ளே இழை சிவக்கக் காய்ந்தால்தான் எலக்ட்ரான் புறப்படும். சூடு அங்கே விபத்து இல்லை, தேவை. 1946இல் பென்சில்வேனியாவில் வெளியுலகுக்குக் காட்டிய எனியாக் கணினியில் சுமார் 18,000 வால்வுகள், 150 கிலோவாட் மின்சாரம், அதை ஆற்றுவதற்கென்றே தனியாகக் காற்று ஊதிகள். 1947இல் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் வந்தபோது இனிமேல் சூடு தொல்லை ஒழிந்தது என்றுதான் நினைத்தார்கள். முதலில் வந்தவை ஜெர்மானியத்தால் ஆனவை. அது சூடு தாங்காது. சூடு ஏறினால் மின்னோட்டம் கூடும், மின்னோட்டம் கூடினால் சூடு இன்னும் ஏறும், கடைசியில் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். 1954இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிலிக்கானுக்கு மாறிய பிறகுதான் கொஞ்சம் நிம்மதி. அந்த நிம்மதியும் ஐம்பது வருடம்தான். பென்டியம் நாலு ஞாபகம் இருக்கிறதா? ஹெலிகாப்டர் மாதிரி சத்தம் போடுமே! 2004இல் இன்டெல் அதற்கடுத்து வரவிருந்த டெஜாஸ் என்ற சில்லையே கைவிட்டது. வேகத்தை ஏற்ற ஏற்றச் சூட்டைச் சமாளிக்க முடியாமல் போனதுதான் பெரிய காரணம். அதன் பிறகுதான் ஒரு மூளைக்குப் பதில் இரண்டு, நாலு மூளை என்று திசை மாறினார்கள்.

வைஃபைக்கு வருவோம். 1997இல் 802.11 என்ற தரம் வந்தபோது வேகம் நொடிக்கு இரண்டே மெகாபிட். 2009இல் வந்த ‘என்’ வகையில் பல ஆன்டெனாக்கள் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன. ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் பின்னால் ஒரு பெருக்கி. இந்தப் பெருக்கிகள் சுத்த ஊதாரிகள். வைஃபை அலையின் உயரம் ஒரு கணம் தாழ்ந்திருக்கும், மறுகணம் சட்டென்று எகிறும். எந்த நிமிஷம் எகிறுமோ என்று பெருக்கி தயாராகவே இருக்க வேண்டும். எப்போது விருந்தாளி வருவாரோ என்று நாள் முழுக்க அடுப்பில் தோசைக்கல்லைக் காயவைத்துக்கொண்டிருப்பது மாதிரி. எங்கள் வீட்டுப் பெட்டி இழுப்பது சுமார் 12 வாட். ஐரோப்பாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் காற்றில் விட அனுமதி 0.1 வாட். மீதி எங்கே? 1841இல் ஜூல் சொன்ன கணக்குதான், மின்னோட்டம் ஓடினால் தடை சூடாகும். ஏறக்குறைய அத்தனையும் சூடு. நாம் வாங்கி வைத்திருப்பது அலை வீசுகிற ஒரு குட்டி அடுப்பு.

அப்படியிருந்தும் வீட்டு ரவுட்டர்களில் பொதுவாக விசிறி கிடையாது. விசிறி சத்தம் போடும், தூசியை இழுக்கும், ஒரு நாள் நின்றும் போகும். அதற்குப் பதிலாக அடியிலும் தலையிலும் வரிசையாக ஓட்டை. உள்ளே காய்ந்த காற்று லேசாகி மேலே போகும், கீழேயிருந்து குளிர்ந்த காற்று தானாக உள்ளே வரும். புகைபோக்கித் தத்துவம். மேல் ஓட்டையை அடைத்தால் கீழ் ஓட்டையும் வேலை செய்யாது. அக்காவின் லேஸ் பார்வைக்குத்தான் ஓட்டை ஓட்டையாக இருந்தது, இரண்டாக மடித்துப் போட்டிருந்தார்.

துணியை எடுத்தேன். தூசியை ஊதினேன். வெயில் படாத உள்சுவரில் இரண்டு ஆணி அடித்து (நிஜ ஆணி) செங்குத்தாக மாட்டினேன், ஓட்டைகள் மேலும் கீழுமாக வருகிற மாதிரி. கீழே அடுக்கியிருந்த டிவி பெட்டியை விலக்கினேன். அரை மணி நேரத்தில் 94 டிகிரி காட்டிய சில்லு 73க்கு இறங்கியது. எச்சரிக்கையை அணைத்து வைக்கவும் அமைப்பில் ஒரு பொத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் முதல் நாள் அண்ணை கூப்பிட்டபோது நான் செய்தது அதைத்தான். படிக்கிற அவசரம். மூன்று நாள் கிழவியின் முகம் உறைந்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை அண்ணையிடம் நான் சொல்லவில்லை. இங்கேதான் சொல்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மச்சு ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு நின்றபோதுதான் அது உறைத்தது. மேற்கே, டேனிக்கன் ஊர்ப்பக்கம், கோஸ்கன் அணுமின் நிலையத்தின் கோபுரம். இங்கிருந்து பார்த்தால் இடுப்பு சிறுத்த சாம்பல் குவளை மாதிரித் தெரியும். 150 மீட்டர். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நிலையம் ஓடுகிற நாட்களில் அதன் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி போகும். வந்த புதிதில் ஐயோ புகை என்று பயந்திருக்கிறேன். அது வெறும் நீராவி. கோபுரத்துக்குள் விசிறியும் கிடையாது, பம்பும் கிடையாது, ஏறக்குறைய முழுக்கக் காலி. அடியில் வெந்நீரைத் தூவுவார்கள், காற்று சூடாகி மேலே போகும், கீழே சுற்றிலும் இருக்கிற திறப்பு வழியாகக் குளிர்ந்த காற்று வரும். என் ரவுட்டரேதான், 150 மீட்டர் உயரத்தில்! இடுப்பு சிறுத்த இந்த வடிவத்தை நெதர்லாந்தில் வான் இட்டர்சன், கைப்பர்ஸ் என்ற இரு பொறியாளர்கள் உருவாக்கினார்கள். 1918இல் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்காக முதலாவது எழும்பியது. நெய்வேலிப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் இதன் சொந்தக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள்.

கோஸ்கனுக்குப் புகைபோக்கி ஏன் வந்தது என்பதில்தான் வரலாறு இருக்கிறது. ஆரே ஆறு கோஸ்கனைத் தாண்டி ஆராவுக்குள் வந்து, புருக் வழியாகப் போய், டோட்டிங்கன் அருகே பெட்ஸ்னாவ் என்ற இடத்தைத் தொட்டு, ரைனில் சேர்கிறது. பெட்ஸ்னாவில் சுவிட்சர்லாந்தின் முதல் வணிக அணுமின் நிலையம் 1969இல் ஓட ஆரம்பித்தது. அதற்குக் கோபுரம் கிடையாது. ஆற்று நீரை எடுத்து, சூடாக்கி, ஆற்றிலேயே விடுவது. இப்படியே இன்னும் நாலைந்து நிலையம் கட்டினால் ஆறு தாங்காது என்று பட்டதால் 1971இல் சுவிஸ் அரசு ஆரேயிலும் ரைனிலும் புதிய அணு நிலையங்களுக்கு நேரடி ஆற்றுக் குளிர்ப்பைத் தடை செய்தது. அதற்குப் பிறகு வந்த கோஸ்கன் 1979இல் கோபுரத்தோடு பிறந்தது. பெட்ஸ்னாவ் பழையபடியே ஆற்றை நம்பி இருக்கிறது.

ஆற்றுக்கும் ஓர் எச்சரிக்கை விளக்கு உண்டு. 25 டிகிரி. மீன் கணக்கு அது. 2003 கோடையில் ஷாஃப்ஹவுசன் பக்கம் ரைனில் கிரேலிங் என்ற குளிர்நீர் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. எங்கள் ரவுட்டர் சிவந்த அதே வாரத்தில், 2025 ஜூலை 1, பெட்ஸ்னாவின் ஓர் உலையை நிறுத்தினார்கள், மற்றதைப் பாதிக்குக் குறைத்தார்கள். மறுநாள் அதையும் நிறுத்தினார்கள். ஆரே சூடாகிவிட்டது. முதலில் வேகத்தைக் குறை, அடங்காவிட்டால் அணை. பெட்டியின் ஜெர்மன் வரிகளில் படித்த அதே வரிசை. கோஸ்கனும் அப்போது பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அன்றைக்கு ஜன்னலில் நான் பார்த்த கோபுரத்தின் வாயில் ஆவியே இல்லை.

எச்சரிக்கை கேட்டு நின்ற கதை இது. கேட்க வாய்ப்பே கிடைக்காத கதை ஒன்றும் இந்த நாட்டில் உண்டு. இங்கே படித்தவர்கள் பலருக்கே தெரியவில்லை, விசாரித்துப் பார்த்தேன். லூசென்ஸ். பிரெஞ்சு பேசுகிற வோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். சுவிட்சர்லாந்து சொந்தமாக உலை செய்ய ஆசைப்பட்டு 1962இல் அங்கே மலையைக் குடைந்து குகைக்குள் கட்ட ஆரம்பித்தது. கனநீர் உலை. குளிர்விக்கத் தண்ணீர் இல்லை, கரியமில வாயுவை ஊதுவார்கள். வெப்பக் கணக்கில் 30 மெகாவாட், மின்சாரமாக ஆறே மெகாவாட். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, பரிசோதனை உலை.

வாயுவைச் சுற்ற வைக்கிற ஊதியின் தண்டில் ஓர் அடைப்பு சரியில்லை. அதன் வழியாகத் தண்ணீர் கசிந்து வாயுப் பாதைக்குள் போயிருக்கிறது. உலை நின்றிருந்த மாதங்களில் அந்த ஈரம் எரிபொருள் குழாய்களின் மேல் படிந்து, மெக்னீசிய உறையை அரித்தது. அரித்த பொடி கீழே இறங்கிச் சில குழாய்களின் வழியை அடைத்துக்கொண்டது. யாருக்கும் தெரியாது. 1969 ஜனவரி 21 அன்று மறுபடி இயக்கினார்கள். மற்ற குழாய்களில் வாயு நன்றாக ஓடுகிறது, மொத்தக் கணக்கில் எல்லாம் சரியாகவே தெரியும். அடைபட்ட குழாயில் மட்டும் சூடு ஏறிக்கொண்டே போகிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் யுரேனியம் உருகி, தீப்பிடித்து, அழுத்தக் குழாய் வெடித்தது. கனநீரும் கதிரியக்க வாயுவும் குகைக்குள் பரவின. அப்போது குகைக்குள் ஆள் இல்லை. கதவுகளை மூடிவிட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. பெட்ஸ்னாவ் ஓட ஆரம்பித்த அதே 1969தான். சொந்த உலை என்ற கனவு அந்தக் குகையோடு முடிந்தது. விசாரணையின் முழு அறிக்கை வெளிவந்தது 1979இல், பத்து வருடம் கழித்து! குகையின் ஒரு பகுதியில் பிற்பாடு மாநிலத்தின் அருங்காட்சியகப் பொருட்களைப் பாதுகாத்து வைத்தார்கள்.

எனக்கு இதில் தூக்கம் கெடுக்கிற விஷயம் வெடிப்பு இல்லை. உலை ஓடும்போது ஒன்றும் ஆகவில்லை, நின்றிருந்தபோதுதான் பாதை அடைந்தது. குற்றவாளி ஒரு கைப்பிடிப் பொடி. எங்கேயோ ஓர் இடத்தில் சுற்றுகிற தண்டும், அதைச் சுற்றி ஓர் அடைப்பும் இருந்தால் என்றைக்காவது கசியும்.

இந்தக் கசிவு விவகாரத்தை இதற்கு நாற்பது வருடம் முன்பே ஒருவர் யோசித்திருக்கிறார். ஆராவின் பழைய மாணவர்தான்.

1895இல் சூரிச் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வில் தேறாத பதினாறு வயதுப் பையன், போய் இன்னும் ஒரு வருடம் பள்ளியில் படித்துவிட்டு வா என்று ஆராவின் மாநிலப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். வின்டெலர் என்ற ஆசிரியரின் வீட்டில் தங்கினான். 1896இல் தேறினான். ஒளி அலையைத் துரத்திக்கொண்டு கூடவே ஓடினால் அது எப்படித் தெரியும் என்று அவன் மண்டையைக் குடைந்துகொண்டது இந்த ஊரில் இருந்தபோதுதான். பெயர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஐன்ஸ்டைன் ஃப்ரிட்ஜ் செய்த கதை தெரியுமா?

1920களில் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் ஓடியது அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு மாதிரி விஷ வாயுக்கள். கம்ப்ரசரின் சுற்றுகிற தண்டு, அதன் அடைப்பு, அதில் கசிவு. பெர்லினில் ஒரு குடும்பமே இப்படித் தூக்கத்தில் இறந்துபோன செய்தியைப் படித்துவிட்டு ஐன்ஸ்டைன் கலங்கிப் போனார். 1926இலிருந்து தன்னைவிட வயதில் பத்தொன்பது குறைந்த ஹங்கேரியரான லியோ சிலார்டோடு சேர்ந்து அசைகிற பாகமே இல்லாத ஃப்ரிட்ஜ் செய்ய உட்கார்ந்தார். நோபல் வாங்கி, உலகப் புகழ் வந்த பிறகு! பெர்னில் காப்புரிமை அலுவலகத்தில் ஏழு வருடம் குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவர் இல்லையா, கை சும்மா இருக்காது. அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் டைனமோ செய்து விற்றவர்கள் வேறு. இருவரும் சேர்ந்து ஆறு நாடுகளிலாவது நாற்பத்தைந்துக்கு மேல் காப்புரிமை வாங்கினார்கள். அமெரிக்கக் காப்புரிமை 1930 நவம்பரில் கிடைத்தது. எலக்ட்ரோலக்ஸ் ஒரு வடிவத்தை வாங்கியது, ஆனால் செய்து விற்கவில்லை.

இன்னொரு வடிவம்தான் அழகு. குழாய்க்குள் உருகிய உலோகம், வெளியே சுருள். சுருளில் மாறுமின்னோட்டம் விட்டால் காந்தப்புலம் நகரும், அதோடு சேர்ந்து உலோகமும் நகர்ந்து பிஸ்டன் மாதிரி வாயுவை அழுத்தும். தண்டு இல்லை, அடைப்பு இல்லை, எனவே கசிவுக்கு வழியே இல்லை. பெர்லினில் ஏஇஜி நிறுவனம் மாதிரி செய்து பார்த்தது. காதைப் பொத்திக்கொள்கிற சத்தமாம். அதற்குள் 1930இல் விஷமில்லாத ஃப்ரியான் வந்துவிட்டது, பொருளாதார மந்தம் வந்தது, 1933இல் ஹிட்லர் வந்தார். இருவரும் ஜெர்மனியை விட்டுப் போனார்கள். ஃப்ரிட்ஜ் கடைக்கு வரவேயில்லை. ஃப்ரியான் ஓசோனைத் தின்கிறது என்று உலகம் புரிந்துகொண்டு மாண்ட்ரியலில் கையெழுத்திட்டது 1987இல்.

பம்பு மட்டும் பிழைத்தது. வேக ஈனுலைகளில் சூட்டைக் கடத்துவது உருகிய சோடியம். காற்று பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். அங்கே கசியாத பம்பு தேவைப்பட்டது, மின்காந்தப் பம்புக்கு வேலை கிடைத்தது. எங்கே? நம்ம கல்பாக்கத்திலும்தான். 1985 அக்டோபரில் இயங்க ஆரம்பித்த சோதனை ஈனுலையில் சோடியத்தைச் சுற்ற வைக்கிற பெரிய பம்புகள் சாதாரணச் சுழல் பம்புகள், சோடியத்தைச் சுத்தம் செய்கிற மாதிரியான துணைப் பாதைகளில் மின்காந்தப் பம்புகள். மாமல்லபுரம் போகிற வழியில் எத்தனையோ முறை அந்தப் பலகையைப் பார்த்தபடி முறுக்கு தின்றிருக்கிறேன். ஆராவின் பழைய மாணவருக்கும் அதற்கும் உறவு இருக்கிறது என்று யார் கண்டது?

சரி, அக்கா கதைக்கு வருவோம். துணியை எடுத்தது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "இத்தனை வருஷமா ஒண்டும் ஆகேல்லை" என்றார். நியாயமான கேள்வி. அவருக்கு நான் சொன்ன கணக்கு இது. பெட்டிக்குள் சின்னச் சின்ன மின்தேக்கிகள் இருக்கின்றன, உள்ளே ஈரமான ரசாயனம். சூடு பத்து டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். 1889இல் ஸ்வீடன்காரர் அரேனியஸ் சூட்டுக்கும் ரசாயன வேகத்துக்கும் எழுதிய சமன்பாட்டிலிருந்து வருகிற நடைமுறைக் கணக்கு. (அதே அரேனியஸ்தான் 1896இல், ஐன்ஸ்டைன் ஆராவில் தேறிய வருடம், கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்றும் கணக்குப் போட்டார். இந்த வாரத்து வெயிலுக்கும் அவரே சாட்சி.) 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கிற சாதாரண மின்தேக்கியை 65 டிகிரியில் வைத்தால் 32,000 மணி, மூன்றரை வருடத்துக்கு மேல். 75இல் வைத்தால் 16,000 மணி, இரண்டு வருடம்கூட இல்லை.

"அப்ப இந்தத் துணி ரெண்டு வருஷத்தைத் திண்டுட்டுது எண்டுறியள்."

"ஆமாக்கா."

"புதுசு எவ்வளவு?"

சொன்னேன். துணி மடித்து அலமாரிக்குள் போய்விட்டது.

மறுநாள் நாலரை. வெளியே 35 டிகிரி. போன் செம்பில் சாய்ந்து நின்றது, படம் ஒரு முறைகூட உறையவில்லை. அம்மம்மா கட்டிலில் சாய்ந்தபடி எல்லோரையும் ஒவ்வொருவராக விசாரித்தார், என்னையும் "சாப்பிட்டியளோ தம்பி" என்றார். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்கள் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தார்.

"பிள்ளை, சுவரில உதென்ன பெட்டி, வெறுமையாக் கிடக்குது? ஒரு துணி போட்டு விடன். தூசியெல்லே பிடிக்கும்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அண்ணையைப் பார்த்தேன்.